போலரைசர் ஃபில்டர்: பண்ணவாடித் தண்ணீருக்குப் பாதித் திருப்பு போதும்

சேலத்தில் கேமரா கையில் வைத்திருப்பவர் யாரிடமாவது, தண்ணீர்ப் பக்கம் படம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். "போலரைசர் ஒண்ணு வாங்கிக்கோங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும். லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பினால் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர் அது. நல்ல யோசனைதான். வாங்கிய பிறகு அதை எவ்வளவு திருப்ப வேண்டும், எந்த இடத்தில் கழற்றிப் பையில் போட வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பண்ணவாடிக்குப் போய் வருகிறவர்களின் படங்களில் பாதிக்கு மேல் தண்ணீர் செத்துக் கிடக்கிறது. கறுப்புத் தார் ஊற்றியது போன்ற ஒரு தரை, அதன் மேல் ஒரு பரிசல். வானத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற அந்த மினுமினுப்பு போய்விட்டால் அது ஏரி என்று எப்படித் தெரியும்?

இந்த மதிப்புரை சர்க்குலர் போலரைசரைப் பற்றியது. ஊர், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்குக் கரையில் கொளத்தூரை ஒட்டி இருக்கும் பண்ணவாடி. நடுநடுவே ஏற்காடும் வரும். 77 மி.மீ. அளவில் (லென்ஸ் முகப்பின் விட்டம்) மூன்று விலைகளில் கிடைப்பவை கணக்கில் வருகின்றன: ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பூச்சில்லாத கண்ணாடி, மூவாயிரம் நாலாயிரத்தை ஒட்டிய, பல அடுக்குப் பூச்சுள்ள மல்டி கோட்டிங் ரகம், அதற்கும் மேலே பித்தளை வளையத்தோடு வரும் விலை கூடிய ரகம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நடுவில் உள்ளதை வாங்குங்கள், தண்ணீர் தெரிகிற படங்களில் பாதிக்கு மேல் திருப்பாதீர்கள்.

பண்ணவாடி ஏன் என்றால், தண்ணீரும் ஊரும் இவ்வளவு பின்னிக் கிடக்கும் இடம் சேலம் மாவட்டத்தில் வேறு இல்லை. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை பழைய பண்ணவாடியைத் தண்ணீருக்குள் எடுத்துக்கொண்டது. மக்கள் மேட்டுக்கு வந்தார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மாதா கோயிலும் உள்ளேயே நின்றுவிட்டன. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 80 அடியை ஒட்டி இறங்கும்போது மாதா கோயிலின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். 70 அடியை ஒட்டி வந்தால் நந்தியின் தலை தெரியும். இன்னும் இறங்கினால் நந்தியைச் சுற்றி நடந்தே வரலாம். துறையில் எந்த நேரமும் பரிசல்கள் கவிழ்த்துக் கிடக்கும், அல்லது மிதந்துகொண்டிருக்கும். எதிர்க்கரை நாகமரை, தர்மபுரி மாவட்டம். அங்கே போய்வர மக்கள் நம்பி இருப்பது படகைத்தான்.

ஆக, போவதற்கு முன் பார்க்க வேண்டியது வானிலையை அல்ல, அணை நிலவரத்தை. தினமும் காலை 8 மணி நீர்மட்டம் செய்திகளில் வந்துவிடும். 2024 ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் கோபுரத்தைத் தேடிப் போனால் வெறும் கடல்தான். அதே நாளில் பரிசல், வலை, துறைப் படிகளை எடுக்கலாம், அருமையாக வரும். எந்த நீர்மட்டத்துக்கு எந்தப் படம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினால், ஃபில்டருக்கு அங்கே என்ன வேலை என்பதும் தெரிந்துவிடும்.

இனி ஃபில்டர் செய்கிற வேலை. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும் ஒளி. போலரைசர் அந்தக் கிடைமட்ட ஒளியை மட்டும் நிறுத்தப் பார்க்கிறது. இது எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. தண்ணீர் மட்டத்தில் இருந்து 37 பாகைக் கோணத்தில் கீழ்நோக்கிப் பார்க்கும்போதுதான் முழுமையாக நடக்கும். இதைக் கரையில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஓரமாக நிற்கிறீர்கள், கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 37 பாகை போய்த் தொடும் இடம் காலில் இருந்து இரண்டே மீட்டர்தான். பரிசலுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஒரு மீட்டர்தான். தூரத்தில் நாகமரைப் பக்கம் விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்வை ஐந்து பாகைக்கும் குறைவாக உரசிக்கொண்டு போகிறது. அங்கே தெறிப்பில் மிகச் சிறிய பங்குதான் ஃபில்டரின் கைக்கு வரும்.

படத்தில் முன்பக்கம் இருண்டு, பின்பக்கம் வெளிறிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். ஃபில்டர் கெட்டுவிட்டது, கேமராவில் ஒளி அளக்கும் மீட்டர் தப்பு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. கீழே நின்று முழுசாகத் திருப்பியதுதான் தப்பு. நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் கரைச் சரிவு நீளமாகக் கிடக்கும். தண்ணீர் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் மேலே ஏறி நின்றால் அந்த 37 பாகை எட்டரை மீட்டர் தள்ளிப் போய் விழும். கரையோரத் தண்ணீர் முழுவதும் ஒரே சீராக மாறும். மேட்டில் நின்று எடுக்கும் படத்துக்கு ஃபில்டர் கூடுதலாகப் பயன்படும். தண்ணீரோடு தண்ணீராக இறங்கி எடுப்பதற்குக் கழற்றிவிடுவது மேல்.

பாதித் திருப்பு என்பது 45 பாகை. முழு வெட்டு, அதாவது தெறிப்பு அதிகபட்சம் மறையும் நிலை, இருக்கும் இடத்தில் இருந்து வளையத்தை 45 பாகை நகர்த்தினால், தடுத்து நின்ற தெறிப்பில் சரிபாதி உள்ளே வரும். 30 பாகை நகர்த்தினால் கால் பங்கு. 90 பாகை நகர்த்தினால் தெறிப்பு எல்லாம் வந்துவிடும், மற்ற ஒளி மட்டும் குறையும். அப்போது பிரதிபலிப்பு வெறும் லென்ஸில் தெரிவதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். கோபுரமும் அதன் நிழலும் சேர்ந்து வர வேண்டிய படத்துக்கு இந்த 90 பாகைதான் வேண்டும். மாதா கோயில் கோபுரத்தைத் தேடி வந்து, முழு வெட்டில் வைத்து, அதன் தலைகீழ் நிழலை அழித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். காற்று விழுந்து தண்ணீர் கண்ணாடியாக நிற்பது விடிந்த பிறகு கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தை இப்படி இழக்கக் கூடாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு, பத்து ரூபாய்ச் செலவு. தண்ணீரின் தெறிப்பு எந்தத் திசையில் பார்த்தாலும் கிடைமட்டம்தான். ஆகவே கேமராவைக் கிடையாகப் பிடித்திருக்கும் வரை, முழு வெட்டு எப்போதும் வளையத்தின் ஒரே இடத்தில்தான் வரும். வீட்டிலேயே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் முற்றிலும் மறையும் வரை வளையத்தைத் திருப்புங்கள். மறைந்ததும் வளையத்தின் உச்சியில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. அதற்குப் பிறகு கரையில் திரையை உற்றுப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. புள்ளி உச்சியில் இருந்தால் முழு வெட்டு, கடிகாரத்தில் ஒன்றரை மணி காட்டும் இடத்தில் இருந்தால் பாதி, மூன்று மணி இடத்தில் இருந்தால் நிழல் முழுசாக. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் கணக்கு மாறாது. வளையம் கேமராவோடு சேர்ந்து 90 பாகை திரும்பிவிடும், நீங்கள் புள்ளியை மறுபடி வானத்தைப் பார்க்க வைத்தால் சரியாகிவிடும். இதை மறந்துவிட்டு ஒரு படம் கிடையாகவும் அடுத்தது செங்குத்தாகவும் எடுத்தால், முதல் படத்தில் தண்ணீர் கறுப்பாகவும் அடுத்ததில் வெள்ளையாகவும் வரும்.

வானத்துக்குக் கணக்கே வேறு. சூரியனுக்கு 90 பாகையில் இருக்கும் வானப் பட்டைதான் அதிகம் கறுக்கும். ஆள்காட்டி விரலைச் சூரியனைப் பார்த்து நீட்டி, கட்டை விரலை நிமிர்த்தி, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டை விரல் காட்டும் இடமெல்லாம் அந்தப் பட்டை. பண்ணவாடியில் காலைச் சூரியன் எதிர்க்கரைக்கு மேலே எழுகிறது. அந்தப் பக்கம் வானத்தில் ஃபில்டர் ஒன்றும் செய்யாது. வடக்கே ஆறு வரும் திசையிலும், தெற்கே அணைத் திசையிலும் வானம் ஆழ்ந்த நீலமாகும். தண்ணீரில் இருந்து ஊரைத் திரும்பிப் பார்த்து, பின்னால் மேற்கு மலையோடு எடுக்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அங்கேயும் வானத்துக்கு ஃபில்டரால் பயன் இல்லை. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ.க்குக் கீழே போகும் அகல லென்ஸ் என்றால் கவனம் வேண்டும். வானத்தில் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர்நீலமுமாகத் திட்டு விழும். அதைப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்வது பெரும்பாடு. அகல லென்ஸுக்கு வானத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள், அல்லது ஃபில்டரைக் கழற்றுங்கள்.

பரிசலில் ஏறியதும் இன்னொரு சிக்கல் வரும். பரிசல் நேராகப் போகாது, சுழன்றுகொண்டே போகும். தண்ணீருக்கு வைத்த புள்ளி அப்படியே செல்லும், ஏனென்றால் அது திசையைப் பொறுத்தது அல்ல. வானத்துக்கு வைத்தது ஒவ்வொரு கால் சுற்றிலும் தப்பாகும். ஆகவே பரிசலில் வானத்தை மறந்துவிட்டுத் தண்ணீருக்கு வைத்தபடியே எடுங்கள். குறிப்பிட்ட ஒரு பக்கம் வேண்டும் என்றால் துடுப்புப் போடுகிறவரிடமே கேட்டுவிடலாம். "அண்ணே, ஊர்ப் பக்கம் பாத்து ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணே" என்றால் ஒரே வீச்சில் திருப்பி நிறுத்துவார். சுழற்சியை அவர்தான் கட்டுப்படுத்துகிறார், அவர் கையை நம்பலாம்.

ஒளி இழப்பு எவ்வளவு? ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது. நடுத்தர ரகங்களில் ஒன்றரை ஸ்டாப்பை ஒட்டி, மலிவு ரகங்களில் இரண்டு ஸ்டாப். விடிந்து அரை மணி நேரத்தில், எஃப் 5.6, 1/500 வினாடிக்கு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800 போதும் என்று வைத்துக்கொண்டால், ஃபில்டரை மாட்டியதும் 2000-ஐத் தாண்டும், மலிவு ரகத்தில் 3200. துடுப்பில் இருந்து சொட்டும் நீரை நிறுத்திப் பிடிக்க 1/500 வேண்டும், அதைக் குறைக்க முடியாது. முக்காலியைப் பரிசலில் நிறுத்தவும் முடியாது. பழைய கேமராவில் ஐஎஸ்ஓ 3200 போட்டு மணல் மணலாக வாங்கும் படத்தைவிட, ஃபில்டர் இல்லாமல் 800-ல் எடுக்கும் படம் பல மடங்கு நல்லது. வலை எடுத்துவிட்டுத் திரும்பும் முதல் பரிசல்கள் கரை சேரும் அந்த வேளையில் ஃபில்டர் பையிலேயே இருக்கட்டும்.

அதற்குரிய நேரம் பிறகு வரும். சூரியன் தண்ணீரில் போடும் வெள்ளிப் பாதையை வெட்ட வேண்டும் என்றால், சூரியன் 37 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை அது காலை 8.45-ஐ ஒட்டி வரும், மார்ச்சில் 9 மணி, டிசம்பரில் 9.30. அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் கண் கூசும் தகதகப்பை ஃபில்டர் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிடும். மற்றவர்கள் வெயில் ஏறிவிட்டது என்று கேமராவை மூடும் நேரத்தில், கரையோரத் தண்ணீருக்கடியில் இருக்கும் கல்லும் பழைய சுவரும் படத்தில் தெரிய ஆரம்பிக்கும். நாகமரைக் கரையில் நின்று இந்தப் பக்கம் பார்த்து எடுப்பதானால் கோடையில் அதே கணக்கு மாலை 4 மணிக்குச் சற்று முன்பு.

தண்ணீரின் நிறத்தையும் யோசித்துக்கொள்ள வேண்டும். மேல்தெறிப்பை எடுத்துவிட்டால் அடியில் இருப்பதுதான் தெரியும். வெள்ளம் வரும் ஜூலை, ஆகஸ்டில் அடியில் இருப்பது செந்நீர். வானத்தின் நீலத்தைத் துடைத்துவிட்டுச் சேற்று நிறத்தை வாங்கிக்கொள்வது நஷ்டம். வெள்ளம் அடங்கித் தண்ணீர் தெளிந்த மாதங்களில் இது லாபம். தண்ணீர் குறைந்து தேங்கிக் கிடக்கும் காலங்களில் கரையோரம் பச்சைப் பாசி ஏடு ஏடாகப் படரும், நாற்றமும் வரும். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு முழு வெட்டுதான் சரி. பாசியின் பச்சை அப்பட்டமாக வரும்.

இனி ஒவ்வொரு பொருளாக. இந்த ஃபில்டர் தன் விலையை ஒரே படத்தில் திருப்பித் தரும் இடம் கரையில் கவிழ்த்து வைத்த பரிசலின் அடிப்பாகம். மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்கும் முடைந்து, மேலே சாக்கோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தி, தார் பூசியிருப்பார்கள். முன்காலத்தில் தோல் போர்த்தியதாலேயே தோல் பரிசல் என்ற பேர் வந்தது. இப்போது ஃபைபர் பரிசல்களும் நிறைய. தார் பூசிய அடி ஈரமாக இருக்கையில் வெறும் லென்ஸில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒரு பளபளப்புதான். ஃபில்டரைத் திருப்பத் திருப்ப அந்த வெள்ளை விலகி, தாரின் மடிப்புகள், ஒட்டுப் போட்ட இடம், உள்ளே முடைந்த சிம்பின் மேடு பள்ளம் எல்லாம் ஒவ்வொன்றாக மேலெழும். இங்கே பாதித் திருப்பு வேண்டாம். முழுசாகவே திருப்பலாம். பளபளப்பு கிடைமட்டமாக இருக்காது, வளைந்த பரப்பு ஆயிற்றே. புள்ளிக் கணக்கைப் பார்க்காமல் கண்ணால் பார்த்துத் திருப்ப வேண்டும்.

மீனுக்கு நேர் எதிர். கட்லா, ரோகு, ஜிலேபி எதுவானாலும் செதிலின் வெள்ளிதான் அதன் உயிர். மேலே உள்ள ஈரத்தின் மினுமினுப்பை ஃபில்டர் எடுத்துவிட்டால் நேற்றுப் பிடித்த மீன் போலத் தெரியும். வலையில் தொங்கும் நீர்த்துளிகளுக்கும் இதே கதி. அலுமினிய அன்னக்கூடை, தராசுத் தட்டு போன்ற உலோகங்களின் பளபளப்பை ஃபில்டரால் தொடவே முடியாது, ஒளிதான் வீணாகும். முகங்களுக்குக் கண்டிப்பாகக் கழற்றுங்கள். வெயிலில் வேலை செய்யும் மனிதரின் நெற்றியில் இருக்கும் வியர்வை ஒளிதான் அந்த முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. அதைத் துடைத்தால் முகம் தட்டையாகப் போய்விடும். எடுப்பதற்கு முன் கேளுங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். வலை பிரித்துக்கொண்டிருப்பவரின் வேலைக்குக் குறுக்கே நிற்காதீர்கள், அந்த நேரம் அவருக்குக் காசு.

வறண்டு வெடித்துக் கிடக்கும் வண்டல் நிலத்தில் ஃபில்டருக்கு வேலையே இல்லை. அது காய்ந்த பரப்பு. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. மேலே ஓடு போலக் காய்ந்திருக்கும், கீழே முழங்கால் ஆழத்துக்குச் சேறு இருக்கும். கால்தடம் இருக்கும் வழியிலேயே நடங்கள், நந்தி வரை போகிறவர்கள் செருப்பைத் தள்ளிக் கழற்றுங்கள். அது இன்றும் பூசை நடக்கும் இடம், ஏறி உட்கார்ந்து எடுப்பதற்கானது அல்ல.

ஏற்காட்டில் இதே ஃபில்டர் இன்னும் தாராளமாக வேலை செய்கிறது. காப்பிச் செடியின் இலை மெழுகு பூசினாற்போல் இருக்கும், ஒவ்வொரு இலையும் ஒரு சின்னக் கண்ணாடி. மேகம் மூடிய நாளிலும், மழை விட்ட அரை மணியிலும் அந்த வெளிறலை எடுத்துவிட்டால் பச்சை அப்படியே இறங்கி உட்காரும். பழம் சிவந்திருக்கும் மாதங்களில் சிவப்பும் பச்சையும் தனித்தனியாக நிற்கும். முழுத் திருப்பு போட்டாலும் கெடாத இடம் அது. ஏரியில் மட்டும் பண்ணவாடிக் கணக்குதான், படகுத்துறை தாழ்வானது. மூடுபனி இறங்கிய பிறகு ஃபில்டரால் ஒன்றும் ஆகாது, கழற்றிவிட்டு அந்த ஒன்றரை ஸ்டாப்பை மிச்சம் பிடியுங்கள். ஏ.சி. போட்ட காரில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்க் காரை விட்டு இறங்கியதும் ஃபில்டர் கண்ணாடியில் பனி மூட்டம் போடும். துடைத்தால் கோடு விழும். கடைசி இரண்டு வளைவுக்கு முன்பே ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால் மூட்டமே வராது.

வாங்கும்போது சோதித்துப் பார்ப்பது சுலபம். எல்.சி.டி. திரை உள்ள லேப்டாப்பைத் திறந்து வெள்ளைப் பக்கம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஃபில்டரின் முன்பக்கம் திரையைப் பார்க்கவும், லென்ஸில் மாட்டும் மரைப்பக்கம் உங்கள் கண்ணைப் பார்க்கவும் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு இடத்தில் திரை ஏறக்குறைய முழுக் கறுப்பாக வேண்டும். கருநீலமாகவோ ஊதாவாகவோ வெளிச்சம் கசிந்தால் உள்ளே இருக்கும் படலம் தரம் குறைந்தது. பிறகு திருப்பிப் பிடித்துச் சுழற்றுங்கள். இப்போது கறுக்கக் கூடாது, நிறம் சற்றே மாறும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கறுத்தால் அது பழைய லீனியர் வகை, டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் மீட்டரும் ஆட்டோஃபோகஸும் தடுமாறும். அடுத்து, ஒயிட் பேலன்ஸை வெயில் அமைப்பில் நிறுத்திவிட்டு, வெள்ளைத் தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுங்கள். பச்சையோ மஞ்சளோ படிந்து தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஹோயா, கென்கோ, நிசி என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. பெட்டியில் இருக்கும் பெயரைவிட இந்த இரண்டு நிமிடச் சோதனை முக்கியம், ஏனென்றால் போலிகளும் அதே பெட்டியில்தான் வருகின்றன.

மலிவு ரகத்தில் வரும் குறை மூன்று. பூச்சு இல்லாததால் எதிர்வெளிச்சத்தில் படம் முழுவதும் சாம்பல் பூத்தது போல் ஆகும். பண்ணவாடியில் காலை முழுக்க எதிர்வெளிச்சம்தான் என்பதால் இது பெரிய குறை. வளையம் தொளதொளவென்று ஆடி, வைத்த இடத்தில் நிற்காது. டெலி லென்ஸில் கூர்மையும் குறையும். விலை கூடிய ரகத்தில் வளையம் பித்தளை, அலுமினியம் போலச் சிக்கிக்கொள்ளாது. கேஸ்மன் வகை என்றால் விளிம்பை ஈரம் புகாதபடி அடைத்திருப்பார்கள். வாரா வாரம் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு அது தகும். மாதம் ஒரு முறை போகிறவர்களுக்கு நடுத்தரமே தாராளம். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒன்று வாங்க வேண்டாம். இருப்பதில் பெரிய அளவுக்கு ஒன்று வாங்கிவிட்டு 67-ல் இருந்து 77 என்பது போல, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். லென்ஸ் ஹுட் மாட்ட முடியாமல் போவதுதான் அதில் இடைஞ்சல், தொப்பியால் நிழல் கொடுத்துச் சமாளிக்கலாம். ஏற்கெனவே யுவி ஃபில்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று மாட்டினால் அகல லென்ஸில் நான்கு மூலையும் கறுக்கும்.

திருப்பும்போது எப்போதும் மாட்டும் திசையிலேயே திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் கொஞ்சம் கொஞ்சமாக மரை கழன்று, தெரியாமலேயே தண்ணீரில் விழும். பரிசலுக்குள் மாட்டுவதும் கழற்றுவதும் வேண்டாம், கரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். சிக்கிக்கொண்டால் விரலால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், வளையம் நசுங்கி முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும்.

வண்டல்தான் இந்த ஃபில்டருக்கு எமன். மாவு போன்ற அந்தத் தூள் இரண்டு வளையங்களுக்கு நடுவில் புகுந்துவிட்டால் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் திருப்புவதை நிறுத்திவிட்டு ஊதுபந்தால் வளைய இடுக்கில் ஊதுங்கள். துண்டின் நுனியாலோ சட்டையாலோ கண்ணாடியைத் துடைத்தால் மண் பொடி பூச்சைக் கீறிவிடும். ஊதிய பிறகு மைக்ரோஃபைபர் துணி, அதுவும் நடுவில் இருந்து வெளியே. குழாயடியில் கழுவ வேண்டாம். விளிம்பு அடைக்காத ரகங்களில் ஈரம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்து, ஓரத்தில் எண்ணெய் படிந்தாற்போல் ஒரு வளையம் தோன்றும். அது வந்தால் போகாது.

மே மாதத்தில் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் அதே அளவு கெடுதல். உள்ளே இருக்கும் படலம் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காது, நாளடைவில் மஞ்சளாகும், வெட்டும் திறனும் குறையும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, பையின் நடு அறையில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை லேப்டாப் திரையில் மறுபடி சுழற்றிப் பாருங்கள். முன்பு கறுத்த இடத்தில் இப்போது பழுப்பாக வெளிச்சம் கசிந்தால் ஃபில்டருக்கு வயதாகிவிட்டது, அடுத்ததை வாங்கி அதன் வளையத்திலும் அந்த வெள்ளைப் புள்ளியை வைத்துவிடுங்கள்.